மூன்றாவது தடவை

பல்கலைக்கழக மொழியியல் துறையில் எல்லாரும் அவளைக் கத்திரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினேழு வருஷத்தில் ஒரு நாளும் அவள் அங்கே கத்திரியைக் கையால் தொட்டதில்லை. கணினித் திரையில் மேடும் பள்ளமுமாக ஓடும் ஒலிப்பதிவில் வேண்டாததை வெட்டி எடுத்து, வேண்டியதை மட்டும் வரிசையாக அடுக்கி வைப்பது அவள் வேலை. வெட்டுகிறவளுக்குக் கத்திரி என்று பெயர் வைக்க மொழியியல் படித்த ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். அதற்கு மேல் அவளைப் பற்றி அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பதினேழு வருஷம் என்று நாம் சொல்கிறோம். நிர்வாக அலுவலகம் ஒப்புக்கொள்ளாது. அவர்களைக் கேட்டால் அவள் போன மாசம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். பதினொரு மாசம் முடிந்ததும் வேலை போய்விடும். ஒரே ஒரு நாள் இடைவெளி விட்டு, மறுநாள் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று யாரும் நாளைக்கு உரிமை கொண்டாடிவிடக் கூடாதே! அந்த ஒரு நாளும் அவள் வரத்தான் செய்தாள். வேலை குவிந்து கிடக்குமே. வாசல் காவலாளி மட்டும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அன்றைக்கு அவளைப் பார்வையாளர் நோட்டில் எழுதவைப்பார். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு வருஷம் அவள் தன்னையே எழுதிவிட்டு உள்ளே போனாள். யாரும் கவனிக்கவில்லை.

துறை நடத்தும் ஆராய்ச்சிக்கு உயிரிசைவு என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சங்கதி எளிதுதான். சில மொழிகளில் ஒரு சொல்லுக்குள் இருக்கும் உயிரொலிகள் எல்லாம் ஒரே கட்சி. முதல் உயிர் உதட்டைக் குவித்துக்கொண்டு உ என்றோ ஒ என்றோ வந்தால், பின்னால் வருகிறவையும் உதட்டைக் குவித்தாக வேண்டும். முதல் உயிர் பல்லைக் காட்டிக்கொண்டு இ என்றோ எ என்றோ வந்தால், மற்றவையும் பல்லைக் காட்டியாக வேண்டும். ஏன் இப்படி, எந்த மொழியில் எவ்வளவு தூரம், யார் மீறுகிறார்கள் என்று உலகம் முழுக்க ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் அதனால் கெடுதல் இல்லை.

துறைத்தலைவரான பேராசிரியர் மீறலில் பெயர் வாங்கியவர். மலைப்பக்கத்து மொழி ஒன்று, உயிரிசைவுக்குப் பேர்போனது. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள் மட்டும் கட்சி மாறுகின்றன என்று அவர் கண்டுபிடித்தார். முதல் உயிர் உதட்டைக் குவிக்க, அடுத்தது கூச்சமில்லாமல் பல்லைக் காட்டுகிறது. இதற்கு அவர் முறிவுக் கோட்பாடு என்று பெயர் சூட்டி, இரண்டு பாகமாகப் புத்தகம் போட்டார். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள், அது முறிவே இல்லை, இசைவு நடு உயிரைத் தாண்டிக் குதிக்கிறது, அதன் பெயர் தாவல் என்று மறுத்து மூன்று பாகம் போட்டார்கள். அன்று முதல் முறிவுக்காரர்களும் தாவல்காரர்களும் மாநாடுகளில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

இத்தனை பெரிய சண்டையும் ஒரே ஒரு வாயிலிருந்து புறப்பட்டது. மலையிலிருந்து இறங்கிவந்து முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டி, ஓய்வுபெற்று, இந்த ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு டிரைவருடைய வாய் அது. வாரம் ஒருமுறை மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, பேராசிரியர் கேட்கும் சொற்களைச் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். வரும்போதும் போகும்போதும் கத்திரியக்காவின் கதவைத் தட்டி, "வரேம்மா" என்று சொல்லாமல் போனதில்லை. அந்தக் கட்டடத்தில் அவளிடம் விடைபெற்றுப் போகிற ஒரே மனிதர் அவர்தான். புத்தகத்தின் இரண்டாம் பாக முன்னுரையில் பேராசிரியர் அவரைப் பற்றி, 'தாய்மொழியைப் பாதி தொலைத்துவிட்ட வாய்' என்று எழுதியிருந்தார். அங்கேதான் முறிவு தொடங்குகிறதாம். டிரைவர் அதைப் படிக்கவில்லை. அவள் படித்தாள், கூசிப்போனாள்.

பதிவு செய்வதற்கு ஒரு முறை இருந்தது. பேராசிரியர் சொல்லை ஒருதரம் சொல்லுவார். டிரைவர் அதை மூன்று தடவை சொல்லுவார். திரையில் பார்த்தால் முதலில் தடித்த ஒரு மேடு, அது பேராசிரியர். பின்னால் மெலிந்த மூன்று மேடுகள், அவை டிரைவர். முதல் இரண்டு தடவை வாய் பழகுவதற்கு, மூன்றாவதுதான் தெளிவு என்பது பேராசிரியரின் சட்டம். ஆகவே முதல் மூன்று மேடுகளையும் வெட்டு, கடைசி மேட்டை வை. இன்னொரு சட்டமும் உண்டு: கேள்வியை ஒருபோதும் காதில் வாங்காதே. கேள்வியைக் கேட்டுவிட்டால் காது அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், பதில் நேராக விழாது. அதனால் அவள் கேள்வியையும் முதல் இரண்டு பதில்களையும் கண்ணால் பார்த்தே வெட்டினாள். வெட்டியதெல்லாம் 'குப்பை' என்ற கோப்புக்குப் போயிற்று. பதினேழு வருஷமும் துறையில் யாரும் பேராசிரியர் என்ன கேட்டார் என்று கேட்டதில்லை. அறிவியல் என்றால் அப்படி ஒரு கட்டுப்பாடு!

பேராசிரியருக்கும் பட்டப்பெயர் உண்டு, முதலுயிர். அவர் உதட்டைக் குவித்தால் நான்கு விரிவுரையாளர்களும் குவிப்பார்கள். அவர் சிரித்தால் நாலு வாயிலும் பல் தெரியும். கூட்டத்தில் அவர் ஜன்னலைச் சாத்தச் சொன்னால், வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடக் குளிருகிறது என்பார். உயிரிசைவைப் பற்றி அந்தத் துறை எழுதியது எப்படியோ, நடத்திக் காட்டியது பிரமாதம்.

இப்போது அவளுடைய தலையெழுத்துக்கு வருவோம். முறிவுக் கோட்பாட்டுக்காகத் தனி ஆய்வு மையம் ஒன்று அமைக்க மேலிடத்தில் யோசனை இருந்தது. அதற்கான விண்ணப்பத்தில் பதினான்காவது வரியில், 'நிரந்தர ஒலிப்பதிவு உதவியாளர் – ஒருவர்' என்று இருந்தது. அந்த வரியை அவளேதான் தட்டச்சு செய்தாள். ஐம்பது வயதுக்கு மேல் யாரையும் நிரந்தரமாக்கக் கூடாது என்பது விதி. அவளுக்கு ஐம்பது முடிய நான்கு மாசம் இருந்தது. மையம் வந்தால் அவள் பிழைத்தாள். வராவிட்டால் சாகும்வரை பதினொரு மாசக்காரிதான். மதிப்பீட்டுக் குழு வியாழக்கிழமை வருவதாகக் கடிதம் வந்த அன்று, வீட்டில் குழந்தைகளுக்கு முன்னால் அவள் அழுதேவிட்டாள்.

கடிதத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது. வெட்டாத மூலப் பதிவுகள், கேள்வியும் பதிலுமாக, குழுவின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "சும்மா சம்பிரதாயம். நாலஞ்சு ஒட்டி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை அவள் குப்பையைத் திறந்தாள். மீறும் சொற்களில் முதலாவது, மலைமொழியில் கதவுக்கான சொல். கேள்வியை எடுத்து, மூன்று பதில்களுக்கும் முன்னால் ஒட்டி, சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஓடவிட்டாள். முதல்முறையாகப் பேராசிரியரின் கேள்வி அவள் காதில் விழுந்தது.

"பொலிமெ," என்றது பேராசிரியர் குரல்.

"பொலுமு," என்றார் டிரைவர், தெளிவாக. உயிர் மூன்றும் உதட்டைக் குவித்துக்கொண்டு ஒரே கட்சியில் நின்றன. கொஞ்சம் இடைவெளி. "பொலு... மெ," என்றார். இன்னும் கொஞ்சம் இடைவெளி. "பொலிமெ."

அவள் அடுத்த சொல்லை ஒட்டினாள். அதற்கடுத்ததை ஒட்டினாள். மத்தியானச் சாப்பாட்டை மறந்து நாற்பது சொற்கள் ஒட்டினாள். மீறும் சொற்கள் எல்லாவற்றிலும் இதே கதை. பேராசிரியர் தவறாகச் சொல்கிறார். டிரைவர் முதல் தடவை சரியாகச் சொல்கிறார், இரண்டாம் தடவை தடுமாறுகிறார், மூன்றாம் தடவை பேராசிரியர் மாதிரியே சொல்லிவிடுகிறார். பேராசிரியரின் நாக்கு தற்செயலாகச் சரியாகப் புரண்ட இடங்களில் மீறலே இல்லை. முறிந்தது மொழி இல்லை. ஐந்து பாகப் புத்தகமும் இரண்டு கட்சியும் ஒரு மனிதரின் தடித்த நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தன. அதற்கு ஆதாரமாக இருந்ததையெல்லாம் அவளேதான் வெட்டி எறிந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை டிரைவர் வியாழனுக்கான ஒத்திகைக்கு வந்தார். பேராசிரியர் வருவதற்கு முன்னால் அவள் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"ஐயா, இதுக்கு உங்க மொழியில என்ன?"

"பொலுமு."

"அப்போ சார்கிட்ட ஏன் பொலிமென்னு சொன்னீங்க?"

டிரைவர் சங்கடப்பட்டார். யாருடைய குட்டையோ உடைக்கச் சொன்ன மாதிரி வாசல் பக்கம் பார்த்தார். "அவர் அப்படித்தானேம்மா சொல்றாரு. பெரிய படிப்பு படிச்ச மனுஷன், எங்க பேச்சைப் பேசணும்னு ஆசைப்படறாரு. தப்புன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? மொத தடவை சரியாச் சொல்லிக் காட்டுவேன். புரிஞ்சுக்கலைன்னா ரெண்டாம் தடவை கொஞ்சம் இறங்கி வருவேன். அப்பவும் ஏறலைன்னா அவர் மாதிரியே சொல்லிடுவேன். வந்தவங்க தடுமாறினா நாமளும் கூடச் சேர்ந்து தடுமாறிடணும், அவங்க தனியா நிக்கக் கூடாது. எங்க பக்கம் அப்படித்தான்."

"பதினேழு வருஷமா இதை யார்கிட்டயும் சொல்லலையே?"

"யாரும்மா கேட்டாங்க? கதவுக்கு என்னன்னு இன்னைக்கு நீங்கதான் கேக்கறீங்க. அவர் 'பொலிமெ சொல்லுங்க'ன்னாரு. சொன்னேன்."

அன்று வீட்டில் கணவரிடம் விஷயத்தைக் கொட்டினாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற வேலை அவருக்கு. துல்லியத்தை மதிக்கிறவர்தான், ஆனால் வீட்டு வாடகையும் அவருக்குத் தெரியும். "சொன்னா மையம் போச்சு, உன் வேலையும் போச்சு," என்றார். "சொல்லலைன்னா என்ன போகுது?"

சாப்பிட்ட தட்டைக் கழுவும்போதுதான் அவளுக்குப் பதில் வந்தது. "அந்தப் பெரியவர் மொழியைத் தொலைச்சுட்டாருன்னு புத்தகத்துல எழுதியிருக்காங்க," என்றாள். "அவர் தொலைக்கவே இல்லைங்க."

புதன்கிழமை அவள் துணிந்து பேராசிரியரின் அறைக்குப் போனாள். ஒட்டிய பதிவை ஓடவிட்டாள். 'பொலிமெ' என்றது தடித்த குரல்.

பேராசிரியர் முகத்தைச் சுளித்தார். "யாரு இந்த ஆளு? உச்சரிப்பு படுமோசமா இருக்கே. வெட்டிடுங்க."

"சார், அது நீங்க."

நம் குரலை வெளியிலிருந்து கேட்டால் நமக்கே அடையாளம் தெரியாது. இந்த விஷயத்தைப் பற்றி அவரே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மறுபடி போடச் சொன்னார், கேட்டார். அடுத்த சொல்லைப் போடச் சொன்னார், கேட்டார். காது மடல் சிவந்தது. ஒரு நிமிஷம் அவரைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. பதினேழு வருஷ உழைப்பு அது, பொய் சொல்லக் கிளம்பிய மனிதரும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது. ஆனால் அவர் பேனாவின் மூடியைத் திறந்து மூடிவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்:

"இத்தனை வருஷமா இதை வெட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"பதினாலாவது வரி ஞாபகம் இருக்கில்ல? வியாழக்கிழமை முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

வியாழக்கிழமை குழு வந்தது. மூன்று பேர். காது கொஞ்சம் மந்தமான ஒரு தலைவி அம்மாள். உயிரொலி ஆராய்ச்சியை மதிப்பிட அவரைப் போட்டவர்களின் நகைச்சுவை உணர்வைப் பாராட்ட வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தாவல்காரர். நடவடிக்கைக் குறிப்பு எழுத ஒரு செயலர். பேசுகிறவர்கள் மென்று விழுங்கி மாற்றி மாற்றிப் பேசுவார்கள் என்பதால் கடைசியாகச் சொன்னதை மட்டுமே எழுதுவது தன் வழக்கம் என்று அவர் முதலிலேயே அறிவித்தார்.

டிரைவர் வெளுத்த சட்டையும் வாரிய தலையுமாக மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் அவரைக் காட்டி, "தாய்மொழியைப் பாதி தொலைத்துவிட்டவர், அதனாலேயே நமக்குப் பொக்கிஷம்," என்று அறிமுகம் செய்தார். டிரைவர் எழுந்து கும்பிட்டார். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கத்திரியக்காவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"பொலிமெ," என்றார் பேராசிரியர். டிரைவர் வேலையை அறிந்தவர், நேராக மூன்றாவது தடவைக்கே போய்விட்டார். "பொலிமெ."

தாவல்காரர் எழுந்தார். அவருடைய நாக்கு வேறு நாட்டு நாக்கு. "பொலிமு?" என்றார். டிரைவர் அவரையும் தனியாக நிற்க விடவில்லை. "பொலிமு," என்றார்.

"தாவல்!" என்று கத்தினார் தாவல்காரர். "நடுவிலே இருக்கிற உயிரைத் தாண்டிக் குதிச்சிடுச்சு பாருங்க!" செயலருக்கும் ஆசை வந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பல்மா," என்று முயன்று பார்த்தார். "பல்மா," என்றார் டிரைவர் அன்போடு. மூன்று பேரும் அவரவர் நோட்டில் அவரவர் சொல்லை எழுதிக்கொண்டார்கள். நான்கு விரிவுரையாளர்களும் முதலுயிரின் முகத்தைப் பார்த்து, அவர் தலையாட்டியதும் தலையாட்டினார்கள்.

"மூலப் பதிவு ஒண்ணு போடுங்கம்மா," என்றார் தலைவி.

திரையில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று பழைய வழக்கப்படி வெட்டியது. இன்னொன்று ஒட்டியது. பேராசிரியர் இருமினார். அவளுடைய விரல் ஒரு கணம் நின்றது, டிரைவரின் வெளுத்த சட்டையைப் பார்த்தாள், ஒட்டியதை அழுத்தினாள். ஒலிபெருக்கி முழங்கியது: பொலிமெ. பொலுமு. பொலுமெ. பொலிமெ.

காது மந்தமான தலைவிக்குத்தான் முதலில் உறைத்தது. "கேள்வி கேக்கறவர் சொன்னதையே இவர் கடைசியில சொல்றாரே? யாரு குரல் அது?"

"தெரியலைங்க," என்றார் பேராசிரியர். "அப்போ தற்காலிகமா நிறையப் பேர் இருந்தாங்க."

தலைவி விரிவுரையாளர்களைப் பார்த்தார். "தெரியலை," என்றார் முதலாமவர். "தெரியலை," "தெரியலை," "தெரியலை." நாலு வாயும் ஒரே அளவுக்குத் திறந்து மூடின. தலைவி டிரைவர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க எதிர்ல உட்கார்ந்திருந்தீங்களே?"

டிரைவர் பேராசிரியரைப் பார்த்தார். அந்த மனிதர் வேர்த்துப்போய், தனியாக நின்றுகொண்டிருந்தார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியலீங்க."

மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். தலைவி ஒலிவாங்கியை அவள் பக்கம் தள்ளினார். "உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"சாரோட குரல்," என்றாள் அவள். தெளிவாகத்தான் சொன்னாள். ஆனால் தலைவி காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "சரியாக் கேக்கலை, இன்னொரு தடவை," என்றார்.

பேராசிரியர் அவளைப் பார்த்தார். மிரட்டல் எதுவும் இல்லை அந்தப் பார்வையில், கெஞ்சல்தான். அவளுக்கு நான்கு மாசம் ஞாபகம் வந்தது, வாசலில் இருக்கும் பார்வையாளர் நோட்டு ஞாபகம் வந்தது. "சாரோட குரல்... மாதிரி இருக்குன்னு நினைக்கிறேன்," என்றாள்.

"நினைக்கிறீங்களா, தெரியுமா? சரியாச் சொல்லுங்க. மூணாவது தடவை கேக்கறேன்."

"தெரியலைங்க," என்றாள் கத்திரியக்கா.

செயலர் எழுதிக்கொண்டார்.

குழு மிகவும் திருப்தியோடு போயிற்று. ஒரே சொல்லை ஒரே மனிதர் மூன்று விதமாகச் சொன்னது முறிவையும் தாவலையும் விடப் பெரிய விஷயம் என்று தாவல்காரர் கருதினார். மையத்துக்கு அனுமதி கிடைத்தது, கேட்டதற்கு மேல் இரண்டு அறை சேர்த்து. மூன்றாம் பாகத்தைப் பேராசிரியரும் தாவல்காரரும் சேர்ந்து எழுதப் போகிறார்கள். இப்போது ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள்.

அவளுக்கு ஐம்பது முடிய ஒன்பது நாள் இருக்கும்போது நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. கணவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மையத்தில் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, குழுக் கூட்டத்தின் ஒலிப்பதிவை ஆவணத்துக்குச் சுருக்கித் தருவது. கேள்விகளை வெட்டினாள். தன்னுடைய பதில் வந்த இடத்தில் திரையில் மெலிந்த மூன்று மேடுகள் இருந்தன. சட்டம் தெரிந்ததுதான். முதல் இரண்டையும் வெட்டிக் குப்பையில் போட்டாள். இந்தத் தடவை கண்ணால் பார்த்து வெட்டவில்லை, காதால் கேட்டுக்கொண்டே வெட்டினாள். வெட்கமாக இருந்தது.

அப்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. டிரைவர். பதிவு முடிந்து, டீ குடித்துவிட்டு விடைபெற வந்திருந்தார். வேலை நிரந்தரமானதைக் கேள்விப்பட்டேன், சந்தோஷம் என்றார். அவளால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க ஐயா," என்றாள்.

"அட, என்னம்மா நீங்க," என்றார் டிரைவர். "மொத தடவை சரியாத்தானே சொன்னீங்க. நான் கேட்டேன்."

அவர் போன பிறகு அவள் கதவைச் சாத்தவில்லை. குப்பையைத் திறந்து, தான் வெட்டிப் போட்ட முதல் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.